ஃபெர்னான் சொல்லாமல் போன இடம்

பிரான்சில் லவெய்ராக் என்கிற சிற்றூரில் யோலாந்த் தெல்பேக்கைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது இடுப்புக்கு மேலே உள்ள பாதிதான். முப்பத்தொரு இலையுதிர்காலம் அவள் சந்தை மண்டபத்தில் மூன்றாம் எண் மேசைக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். நீல ஏப்ரன், காதை மூடிய கம்பளித் தொப்பி, முன்னால் ஒரு கூடை செப் காளான். பழுப்புத் தலையும் குழந்தையின் குதிகால் போலத் தடித்த வெள்ளைக் காலுமாக அந்தக் காளான் முளைக்கிற ஆறு வாரம்தான் ஊருக்கே உயிர் வருகிற காலம். மற்ற மாதங்களில் அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அறுபது வயதில் அதுவும் முடிந்தது. பிள்ளை இல்லை. அக்கா ஒருத்தி துலூஸில் இருக்கிறாள், கிறிஸ்துமஸ் அன்று போன் செய்வாள். செவ்வாய், வியாழன், சனி, பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை, மேசைக்குப் பின்னால் நிற்கிற அந்த நேரத்தில்தான் யோலாந்த் வாய்விட்டுப் பேசுவாள், சிரிப்பாள், சண்டை போடுவாள். அந்த ஆறு வாரப் பேச்சை வைத்து மீதி வருஷத்தை ஓட்டிவிடுவாள்.

விற்றது அவள், பறித்தது புருஷன் ஃபெர்னான். அவன் ஊராட்சியில் சாலை போடுகிற வேலையில் இருந்தவன். செப்டம்பர் மழை விட்டுப் பத்து நாள் ஆனதும் விடிவதற்கு முன்பே மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவான். பதினொரு மணிக்குத் திரும்பி, கூடையைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவான். எங்கே போனான் என்று அவள் கேட்டதில்லை. கேட்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை.

காளான் வருஷா வருஷம் அதே இடத்தில்தான் வரும். அந்த இடத்தை யாரும் யாரிடமும் சொல்லமாட்டார்கள். பெண்டாட்டியிடம் வங்கிப் புத்தகத்தைக் காட்டுவார்கள், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்வார்கள், இடத்தை மட்டும் சொல்லமாட்டார்கள். வண்டியை ஒன்றுமே முளைக்காத காட்டோரம் நிறுத்திவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து வேறு காட்டுக்குப் போவார்கள். வழியில் யாராவது எதிர்ப்பட்டால் கூடையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள். இதில் யாருக்கும் வருத்தமில்லை. தானும் அப்படித்தானே என்று எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் மாதம் ஃபெர்னானை நுரையீரல் கோளாறு என்று நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று வாரம் கிடந்தான். தேறமாட்டான் என்று டாக்டர் சொல்லாமல் சொன்ன அன்று யோலாந்த் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டாள்.

"ஃபெர்னான். அந்த இடம் எங்க இருக்கு?"

அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, திரைக்கு அந்தப் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்த இன்னொரு நோயாளியைப் பார்த்தான்.

"அடுத்த கட்டில்ல ஆள் இருக்கு," என்றான்.

"அவர் தூங்குறார்."

"பக்கத்து ஊர் மாஸேராக்காரன் அவன். தூங்குற மாதிரி கிடப்பான். திங்கட்கிழமை என்னைத் தனி ரூமுக்கு மாத்துறாங்க. அப்போ சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் இறந்துபோனான்.

சவ அடக்கத்துக்கு ஊரே வந்தது. பக்கத்து மேசைக்காரி அர்லெத் இந்தக் கதையைக் கேட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். "மாஸேராக்காரன்னா சரிதான்டி. நான்கூட சொல்லியிருக்கமாட்டேன்," என்றாள். யோலாந்தும் சிரித்தாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவளுக்குச் சிரிக்க வேறு விஷயம் கிடைக்கவில்லை.

கோடை போனது. அக்கம்பக்கத்து வீடுகள் இரண்டும் பாரிஸ்காரர்களுடையவை, ஆகஸ்டில் மட்டும் திறக்கும். ரொட்டி வேன் வாரம் இரண்டு நாள் வந்து ஹாரன் அடிக்கும். ஓட்டுகிறவன் ரொட்டியை நீட்டி, "வேறென்ன மதாம்?" என்பான். "வேறொண்ணும் இல்ல," என்பாள். சில வாரங்களில் அவள் பேசியது மொத்தமே அவ்வளவுதான். ஆனால் செப்டம்பர் வரும் என்று அவளுக்குத் தெரியும். மண்டபம் இருக்கிறது, மேசை இருக்கிறது. அதைத் தாண்டி அவள் யோசிக்கவில்லை.

செப்டம்பர் வந்தது, மழையும் வந்தது. கடைசிச் சனிக்கிழமை முதல் சந்தை கூடியது. யோலாந்த் ஏப்ரனைத் தோய்த்து இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு, இரண்டரைக்கே போய் மூன்றாம் எண் மேசைக்குப் பின்னால் நின்றாள். மற்ற மேசைகளில் துணி மூடிய கூடைகள். மணி அடிக்கிற வரை துணியை எடுக்கக் கூடாது. அவள் மேசையில் அவளுடைய இரண்டு கைகள் மட்டும் இருந்தன.

சந்தைப் பொறுப்பாளர் பிராடெல் பதிவேட்டோடு வந்து நின்றார்.

"மதாம் தெல்பேக், மேசையில ஒண்ணும் இல்லையே?"

"நான் இருக்கேனே."

"உங்களை எடை போட்டு விக்க முடியாது."

"வாங்குறதுக்கும் ஆள் கிடையாது," என்றாள் யோலாந்த். வரிசை முழுக்கச் சிரித்தது. பிராடெலும் சிரித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். திறந்தவர் எழுதாமல் நின்றார்.

"விதி நான் போட்டதில்ல மதாம். தன் வீட்டாள் பறிச்ச காளான் மேசையில இருக்கணும். தொடர்ந்து மூணு சந்தை இல்லன்னா மேசை பட்டியல்ல அடுத்த ஆளுக்கு. பதினோரு பேர் காத்திருக்காங்க."

"புருஷன் செத்த பொம்பளைக்கு ஒரு வருஷம் விட்டாத்தான் என்னய்யா? மண்டபம் இடிஞ்சு விழுந்துடுமா?" என்றாள் அர்லெத்.

"மேலிடத்துல கேட்டுப் பாத்துட்டேன். விட்டா எல்லாரும் கேப்பாங்களாம்."

"எல்லாரும் புருஷனைச் சாகடிச்சுட்டா வருவாங்க?"

பிராடெல் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே சிலுவைக் குறி ஒன்றைப் போட்டுவிட்டுப் போய் மணியை அடித்தார். துணிகள் விலகின. மண்டபம் முழுக்க ஈர மண் வாசனை எழுந்தது. வாங்குகிறவர்கள் மேசை மேசையாக வந்தார்கள். மூன்றாம் மேசைக்கு வந்ததும் தூண் ஒன்றைச் சுற்றிப் போவது போல விலகி நான்காவதுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். காலை பஸ்ஸில் நகரத்துக்குப் போய், மொத்தச் சந்தையில் நாலு கிலோ காளான் வாங்கி வந்தாள். வாழ்க்கையில் முதல் திருட்டு மாதிரி இருந்தது. மணி அடித்ததும் துணியை எடுத்தாள். அர்லெத் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் தன் வாடிக்கையாளரை அப்படியே நிற்க வைத்துவிட்டுக் குனிந்து வந்தாள்.

"எங்க வாங்கினே?"

"என்ன வாங்கினேன்?"

"யோலாந்த். நாலு கிலோ காளான்ல ஒரு புழு இல்ல. ஒரு நத்தை கடிக்கல. எல்லாம் ஒரே உயரம், பள்ளிக்கூடப் பிள்ளைங்க போட்டோவுக்கு நிக்கிற மாதிரி. எந்த நாட்டுது? ருமேனியாவா?"

"போலந்து," என்றாள் யோலாந்த் மெல்ல.

"பிராடெல் கண்ணாடியை மறந்துட்டு வந்திருக்கான், பொழச்சே. கீழ இறக்குடி. இதோட பிடிச்சா மேசை மட்டுமில்ல, மானமும் போயிடும்."

யோலாந்த் கூடையை மேசைக்கடியில் இறக்கினாள். காது சுட்டது. பதிவேட்டில் இரண்டாவது சிலுவை விழுந்தது.

அன்று போர்தோவிலிருந்து சுற்றுலா பஸ் வந்திருந்தது. இலையுதிர்காலத்தில் வாரம் இரண்டு மூன்று வரும். ஓய்வு பெற்றவர்கள் ஐம்பது பேர் இறங்கி, பழைய சிற்றாலயத்தைப் பார்த்து, மண்டபத்துத் தூணில் குடைந்த தானிய அளவைக் கல்லுக்குள் ஆளுக்கொரு தடவை கையை விட்டுப் பார்த்து, பிறகு காளான் பக்கம் வருவார்கள். அவர்களைச் சிறு கொடியோடு மேய்க்கிறவள் ஓரெலி, சுற்றுலா அலுவலகத்துப் பெண். முப்பது வயது இருக்கும். நல்ல பெண். அவள் வெறும் மேசையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மதாம் தெல்பேக், எனக்கு ஒரு யோசனை. கேட்டுட்டுக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"மண்டப வாசல்ல உங்களுக்கு ஒரு நாற்காலி போடறோம். அந்தக் காலத்து ஏப்ரன், மரக்காலணி. பஸ்ல வர்றவங்களுக்குக் காளான் கதை சொல்லுங்க. போட்டோ எடுத்துக்குவாங்க. மதியச் சாப்பாடும் உண்டு."

"நான் மரக்காலணி போட்டதே இல்லையேம்மா. எங்க அம்மாவே ரப்பர் பூட்ஸ்தான் போட்டாங்க."

"பரவால்ல மதாம், யாருக்குத் தெரியப் போகுது?"

"வாசல்ல ஏற்கனவே பாடம் பண்ணின நரி ஒண்ணு வச்சிருக்கீங்க," என்று அர்லெத் இடையில் புகுந்தாள். "அது பக்கத்துலயா, இல்ல இவளுக்குத் தனிக் கண்ணாடிப் பெட்டியா?"

ஓரெலியின் முகம் சிவந்தது. ஆனால் யோலாந்த் அன்று சாயங்காலம் சூப்பை வைத்துக்கொண்டு அதைப் பற்றி நிஜமாகவே யோசித்தாள். வாரத்துக்கு நூற்றைம்பது பேர். பேச்சு கேட்பார்கள். பேச ஆள் வேண்டும் என்றுதானே இவ்வளவு பாடு? யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவானது. மேசைக்குப் பின்னால் நின்றால் ஜனங்கள் அவளோடு வாதாடுவார்கள், காளானை அழுத்திப் பார்த்து "இது நேத்துப் பறிச்சது" என்பார்கள், அவள் "உங்க மூக்குதான் நேத்துது" என்பாள். நாற்காலியில் உட்கார்ந்தால் பார்ப்பார்கள். அவ்வளவுதான். பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள்.

மீதி இருந்தது ஒரே ஒரு சந்தை. வியாழன்.

புதன்கிழமை விடிந்ததும் அவள் காட்டுக்குப் போனாள். ஃபெர்னான் மொபெட்டை எப்போதும் சாலையோரக் கல் சிலுவைப் பக்கம் நிறுத்துவான் என்பது ஊருக்கே தெரியும். ஊருக்கே தெரிவதால் இடம் அங்கே இல்லை என்பதும் தெரியும். எனவே எதிர்த்திசையில் நடந்தாள். ஓக் காடு ஒன்று, பைன் காடு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் பெரணி மண்டிய பள்ளம் ஒன்று. ஈரத்தில் விஷக் காளான்தான் சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது. பள்ளத்திலிருந்து மேலே ஏறும்போது ஏழாம் மேசைக்காரர் பூயிசு எதிரே வந்தார். புழுக்கமான அந்தக் காலையில் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். வயிறு எட்டு மாதமாக இருந்தது. காலருக்கு மேலே ஒரு பெரணி இலை எட்டிப் பார்த்தது.

"நடை போறீங்களா, யோலாந்த்?"

"டாக்டர் சொன்னார். முழங்காலுக்கு."

"எனக்கும் அதே டாக்டர்தான்."

இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். மற்றவர் முதலில் போகட்டும் என்று இரண்டு பேரும் நின்றார்கள். ஒரு மரங்கொத்தி தட்டிவிட்டு ஓய்ந்தது. பூயிசு தொண்டையைக் கனைத்தார்.

"ஃபெர்னான் எனக்கு நல்ல சிநேகிதன். உங்க மேசை விஷயம் கேள்விப்பட்டேன். அதனால உங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன்."

யோலாந்த் ஒரு அடி கிட்டே வந்தாள். "சொல்லுங்க."

"இந்தப் பக்கம் ஒண்ணுமே கிடையாது."

அவர் முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது. அவரால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான் என்று அவளுக்குப் புரிந்தது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவர் அவ்வளவு சொன்ன பிறகு அந்தப் பக்கம் தேடுவது மரியாதை இல்லை.

வீட்டுக்கு வந்து கொட்டகையில் பூட்ஸைக் கழற்றும்போது ஆணியில் தொங்கிய ஃபெர்னானின் கூடை கண்ணில் பட்டது. போன நவம்பரில் மாட்டியது. சனிக்கிழமை மூன்றாம் மேசையில் வேறொருவன் கூடை நிற்கும், இது இங்கேயே தொங்கும் என்று தோன்றியது. எரிச்சலில் எடுத்து, சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்துக் கவிழ்த்து ஓங்கித் தட்டினாள். பின்னலுக்குள் ஒட்டியிருந்ததெல்லாம் உதிர்ந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வெள்ளை மணல். காய்ந்து சருகான ஊதா மணிப்பூ, மேட்டு நிலத்துக் குத்துச்செடியில் பூப்பது. செஸ்நட் இலையின் நரம்பு. பச்சையும் நீலமுமாக அரிசி நொய் அளவுக்குக் கண்ணாடித் துணுக்குகள்.

இதெல்லாம் அவள் கைக்குப் புதிதில்லை. முப்பத்தொரு வருஷம் அவன் தூங்கும்போது இந்த மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு காளானின் காலையும் சிறு கத்தியால் சுரண்டி, பிரஷ்ஷால் துடைத்தவள் அவள். அந்த மணல் கத்தியில் படும்போது கிறீச்சென்று பல் கூசும். அந்தக் கண்ணாடித் துணுக்கு ஒரு தடவை கட்டைவிரலைக் கிழித்திருக்கிறது. "இது என்ன ஃபெர்னான், கண்ணாடி?" என்று கேட்டாள். "எவனாவது பாட்டில் உடைச்சிருப்பான்," என்றான். அதையும் நம்பினாள்.

ஒரு துணுக்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பாட்டில் இல்லை. இதைப் பெரிதாக எங்கோ பார்த்திருக்கிறாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சுற்றுலாவில். இருபது வருஷம் இருக்கும். ஊர்ச் சரித்திரம் காட்டுகிறோம் என்று வாத்தியாரம்மா பிள்ளைகளை லூசெத் ஓடைக்குக் கூட்டிப்போனாள். சாண்ட்விச் கொடுப்பதற்காக யோலாந்தையும் அழைத்துக்கொண்டாள். ஓடைக்கரையில் இரும்பு உருக்கிய பழைய உலை ஒன்று இடிந்து கிடந்தது. இரும்பை எடுத்த பிறகு மிஞ்சிய கசடுதான் இந்த நீலக் கல் என்று வாத்தியாரம்மா சொன்னாள். பிள்ளைகள் பாக்கெட் நிறைய அள்ளிக்கொண்டார்கள். யோலாந்த் ரொட்டித்துண்டை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வியாழன், விடிந்தும் விடியாமல் கிளம்பினாள். ஓடை நாலு கிலோமீட்டர். மொபெட் ஓட்டத் தெரியாது, நடந்தாள். உலையின் செங்கல் சுவர் இப்போது முள்ளுக்குள் மறைந்திருந்தது. அதற்கு மேலே சரிவு. பாதி ஏறியதும் காலடியில் மண் வெளுத்தது. இன்னும் ஏறினாள். ஊதாப் பூக்கள். அதைத் தாண்டிச் செஸ்நட் மரங்கள்.

ஒரு மணி நேரம் தேடினாள். ஒன்றுமில்லை. இலைதான், இலைக்குக் கீழே இலைதான். மேசைக்குப் பின்னால் நிற்பவளுக்குக் காட்டில் எப்படிப் பார்ப்பது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பூட்ஸ் நாடா அவிழ்ந்தது. பக்கத்தில் தட்டையான கல் ஒன்று இருந்தது, அதில் உட்கார்ந்து குனிந்தாள். குனிந்த உயரத்தில் பெரணிக்கு அடியில் பழுப்பாக ஒன்று. அதற்குப் பின்னால் ஒன்று. அதற்கும் பின்னால், சரிவு முழுக்க, நின்றுகொண்டு பார்க்கிறவர் கண்ணுக்குப் படாத உயரத்தில், ஒரு பள்ளிக்கூடமே ஒளிந்து விளையாடுகிற மாதிரி.

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. கல்லுக்கும் வேருக்கும் நடுவில் சொருகியிருந்த ஒரு மத்தி மீன் டப்பா கையில் தட்டுப்பட்டது. உள்ளே மழைத்தண்ணீர், சிகரெட் துண்டுகள். பத்து இருபது இல்லை, டப்பா நிறைய. ஃபெர்னான் புகைப்பதை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. விட்ட அன்று அவள் பிளம் பழக் கேக் செய்து கொடுத்தாள்.

"அடப் பாவி மனுஷா," என்றாள் சத்தமாக. இரண்டு நாளில் பூயிசுவைத் தவிர அவள் யாரிடமும் பேசியிருக்கவில்லை. குரல் மரங்களில் பட்டுத் திரும்பி வந்தது. டப்பாவைத் தூக்கி எறிய ஓங்கினாள். பிறகு இருந்த இடத்திலேயே சொருகினாள். இந்தக் கல்லில் உட்கார்ந்து அவன் தினமும் என்ன யோசித்தான் என்று அவளுக்குத் தெரியாது. கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் அவன் காட்டில் இருப்பான். ஆறு கிலோ பறிக்க அவளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மூன்று மணிக்கு மணி அடித்தது. யோலாந்த் துணியை எடுத்தாள்.

அந்த ஊரில் செய்கிற மாதிரி, எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்காமல் காளானின் கால்களைப் பார்த்தார்கள். கால்கள் பளிச்சென்று சுரண்டித் துடைத்திருந்தன. நத்தை கடித்த தலைகள், ஒன்றில் நெளிகிற புழுகூட. பிராடெல் இன்று கண்ணாடி போட்டிருந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பினார், மோந்தார்.

"தன் வீட்டாள் பறிச்சது?"

"வீட்ல ஒரே ஆள்தான் இருக்கேன்."

அவர் பதிவேட்டில் எதையோ எழுதினார். பிறகு யாரும் எதிர்பார்க்காமல் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தார். தூரத்து மேசையிலிருந்து பூயிசு உரக்கச் சொன்னார்: "அந்த டாக்டர் முழங்காலுக்கு நல்ல வைத்தியம்தான் பாக்குறார்!"

"உங்களுக்கும் பிரசவம் ஆயிடுச்சு போலிருக்கே," என்றாள் யோலாந்த். வரிசை வெடித்துச் சிரித்தது.

பஸ்ஸில் வந்த போர்தோ அம்மாள் ஒருத்தி ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, "அழகா இருக்கே! எந்தக் காட்டுல கிடைக்குது?" என்று கேட்டாள். வரிசை இன்னும் பெரிதாகச் சிரித்தது. அந்த அம்மாளுக்குக் காரணம் புரியவில்லை, அவளும் சேர்ந்து சிரித்தாள். நாலரைக்குக் கூடை காலி.

மண்டபம் ஓய்ந்ததும் அர்லெத் பிளாஸ்கிலிருந்து காப்பியை இரண்டு மூடியில் ஊற்றினாள். இரண்டு பேரும் மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டு குடித்தார்கள்.

"சனிக்கிழமை காலைல நீ சும்மாத்தானே இருப்பே?" என்றாள் யோலாந்த்.

"ஏன்?"

"என்கூட வாயேன். அங்க நிறைய இருக்கு, ரெண்டு பேருக்கும் போதும். எங்கேன்னா—"

அர்லெத் காப்பி மூடியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லாதே! பைத்தியமாடி உனக்கு?"

"உன்கிட்டத்தானே சொல்றேன்."

"என்கிட்டத்தான் சொல்லக் கூடாது. தெரிஞ்சுட்டா நான் ராத்திரி தூங்குவேனா? என் ஆளு என்னைப் பாத்தாலே கண்டுபிடிச்சுடுவான். நாளைக்கு உன் காளான் கொஞ்சம் குறைஞ்சா யாரைச் சந்தேகப்படுவே? என்னை. அப்புறம் இந்தக் காப்பி கிடையாது, பேச்சு கிடையாது. வேண்டாம் தாயே."

"தனியா இருக்கு அங்க," என்றாள் யோலாந்த்.

"எல்லாருக்கும் தனியாத்தான் இருக்கும். அதுக்குப் பேர்தான் இடம்." அர்லெத் குனிந்து மூடியைப் பொறுக்கினாள். கோபம் ஆறியிருந்தது. "என் ஆளு எனக்கு மண்ணைக்கூடக் காட்டினதில்ல, தெரியுமா? காட்டுலயே காளான் காலைச் சுரண்டி, துணியால துடைச்சு, மண்ணை அங்கேயே கொட்டிட்டுத்தான் வருவான். வீட்டுக்கு வரும்போது காளான், சர்ச்சுல முதல் தடவை நன்மை வாங்கப் போற பிள்ளைங்க மாதிரி வெள்ளையா வரும். மண்ணைப் பாத்தா இடம் தெரிஞ்சுடுமாம். பூயிசும் அப்படித்தான், எல்லாருமே அப்படித்தான். ஃபெர்னான் எப்படி?"

யோலாந்த் காப்பி மூடியை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே பிடித்திருந்தாள்.

வேண்டுமென்றே தவறான சாலையில் கிளம்பியவன், பாட்டில் என்று பொய் சொன்னவன், சிகரெட்டைப் பதினெட்டு வருஷம் டப்பாவுக்குள் ஒளித்தவன், மண்ணை மட்டும் துடைக்கவில்லை. முப்பத்தொரு வருஷமும் அப்படியே கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுத் தூங்கப் போனான். சோம்பலா? களைப்பா? ஊரில் கடைசி ஆள்வரை யோசித்ததை அவன் யோசிக்காமல் விட்டிருப்பானா? கேட்டால் என்ன சொல்லியிருப்பான் என்றுகூட அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"என்னடி?" என்றாள் அர்லெத்.

"ஒண்ணுமில்ல. அவனும் அப்படித்தான்."

வெளியே அர்லெத்தின் புருஷன் வேனில் உட்கார்ந்து ஹாரன் அடித்தான். அர்லெத் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். தூணைத் தாண்டியவள் திரும்பினாள்.

"ஏய். சனிக்கிழமை எத்தனை மணிக்குத் திரும்புவே?"

"எதுக்கு?"

"காட்டுல காலை உடைச்சுக்கிட்டுக் கிடந்தா எவனுக்குத் தெரியும்? எங்கேன்னு சொல்லித் தொலைக்காதே. எத்தனை மணின்னு மட்டும் சொல்லு."

யோலாந்த் கொஞ்சம் யோசித்தாள். பறிக்க ஒரு மணி நேரம். போக வர இரண்டு. மிச்ச நேரத்துக்கு அந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கலாம்.

"பதினொண்ணு," என்றாள்.

"பதினொண்ணரைக்கு போன் பண்ணுவேன். எடுக்கணும்."

வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிராடெல் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் மேசைக்கு மேலே இருந்ததை மட்டும், அவள் துணியை மடித்து முடிக்கிற வரை, விட்டுவைத்தார்.